மாட்டைச் சோதிக்க மாட்டுப் பால் ஆகுமா?

ரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடும் எலிசா சோதனையின் தட்டு பார்க்கச் சாதுவான பொருள். தெளிவான பாலிஸ்டைரீன், 8 நிரை, 12 நிரல், மொத்தம் 96 குழிகள். ஆனால் புரதம் என்று எது வந்தாலும் இழுத்து ஒட்டிக்கொள்வது அதன் குணம். அந்தக் குணத்தை நம்பித்தான் சோதனையே நடக்கிறது: நோய்க்கிருமியின் ஆன்டிஜெனைக் குழியில் ஊற்றி வைத்தால் அது தானாகவே சுவரில் படிந்துவிடுகிறது. சிக்கல் அதற்குப் பிறகு. ஆன்டிஜென் படியாமல் விட்ட இடங்கள் எங்கும் இருக்கும்; அடுத்து ஊற்றும் ரத்தத் தெளிநீரான சீரத்துக்கும் அந்த இடங்கள் திறந்தே கிடக்கும். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் ஆபத்தின் அளவு புரியும். நன்றாக ஒட்டும் தட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 600 நானோகிராம் வரை எதிர்ப்பொருள் படியும். 100 மைக்ரோலிட்டர் நீர்மம் நனைக்கும் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டர்தான் என்பதால் குழியின் கொள்ளளவு அரை மைக்ரோகிராம். சீரத்தை நூறு மடங்கு நீர்த்த பின்னும் அந்த 100 மைக்ரோலிட்டரில் சுமார் 10 மைக்ரோகிராம் ஐஜிஜி எதிர்ப்பொருள் மிதக்கிறது. குழி கொள்ளக்கூடியதைப் போல் இருபது மடங்கு. அதில் நாம் தேடும் எதிர்ப்பொருள் துளியளவே. மற்றதெல்லாம் அந்த மனிதரோ மாடோ ஆயுளில் சந்தித்த ஆயிரம் விஷயங்களுக்கு எதிரானவை. அவை சுவரில் ஒட்டினால், எதிர்ப்பொருளைத் தேடிப் பிடிக்க நொதி பூட்டி அனுப்பும் மூலக்கூறான கான்ஜுகேட் வந்து அவற்றையும் பிடிக்கும், நிறம் வரும், நோயில்லாதவருக்கு நோய் என்று அறிக்கை போகும். இந்த இலக்கற்ற பிணைப்பைத் தவிர்க்கத்தான் வெற்றிடங்களை முன்கூட்டியே ஒரு தொந்தரவில்லாத பொருளால் நிரப்புகிறார்கள். ஆய்வகத்தில் இதற்கு 'பிளாக்கிங்' என்றே பெயர். அடைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அன்னவாசலை அடுத்த சித்தன்னவாசல் குகைக்குப் போனவர்களுக்கு இது வேறொரு வேலையை நினைவூட்டும். அங்கே கரடுமுரடான பாறையின் மேல் நேராக வண்ணம் தீட்டவில்லை; சுதை பூசி, அதன் மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு கொடுத்த பிறகே தாமரைக் குள ஓவியம் வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அந்தப் பூச்சு நுட்பத்தை ஆராய்ந்திருக்கிறார். இரண்டிலும் மேற்பரப்பைத் தயார் செய்வதுதான் முதல் வேலை என்றாலும் நோக்கம் நேர் எதிர். ஓவியனின் பூச்சு வண்ணத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். எலிசா தட்டின் பூச்சு பின்னால் வரும் எதையும் வாங்கக் கூடாது. எதையும் வாங்காத புரதம் என்று பொதுவாக ஒன்று கிடையாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். யாருடைய ரத்தம், எந்தக் கான்ஜுகேட், எந்த நொதி என்பதைப் பொறுத்து ஒரே புரதம் ஓரிடத்தில் சுவராகவும் மற்றோரிடத்தில் தூண்டிலாகவும் மாறும். ஆகவே எது சிறந்த அடைப்பு என்று கேட்பதைவிட, இந்தச் சோதனையில் கலந்துகொள்ளும் எவருக்கும் உறவில்லாதது எது என்று கேட்பதே பொருத்தம்.

வழக்கத்தில் உள்ள பொருள்கள் இந்தக் கேள்வியைக் கேட்டு வந்தவை அல்ல. 1960இல் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இன்சுலினை அளக்கக் கதிரியக்க முறையை வெளியிட்டபோது வினை நீர்மத்தில் நடந்தது. 1967இல் கெவின் கேட்டும் ஜெஃப்ரி டிரெகியரும் எதிர்ப்பொருளைப் பிளாஸ்டிக் குழாயின் சுவரில் ஒட்டவைத்த பிறகுதான் சுவர் என்ற சிக்கல் பெரிதானது. 1971இல் ஸ்டாக்ஹோமில் எங்வாலும் பெர்ல்மனும், நெதர்லாந்தில் வான் வீமனும் ஸ்கூர்ஸும் தனித்தனியே கதிரியக்கத்துக்குப் பதில் நொதியைப் பூட்டினார்கள், எலிசா பிறந்தது. 1979இல் டோபின் குழு நைட்ரோசெல்லுலோஸ் தாளில் புரதங்களை ஏற்றியபோது மாட்டு ஆல்புமினை அடைப்பாக வைத்தது. 1940களில் எட்வின் கோன் கண்ட பிளாஸ்மா பிரிப்பு முறையால் அது ஏற்கெனவே மலிவாக, தாராளமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. 1982இல் டுவீன்-20 என்ற சோப்பு போன்ற பொருளே போதும் என்று ஒரு குழு எழுதியது. 1984இல் இன்னொரு குழு கொழுப்பு நீக்கிய பால்பொடியைப் பரிந்துரைத்து அதற்கு 'பிளாட்டோ' என்று செல்லப் பெயரும் வைத்தது. கைக்கு எட்டியது, விலை குறைந்தது, வேலை செய்தது: தேர்வுகள் இப்படித்தான் நடந்தன. அதில் தவறில்லை. பிற்பாடு அவற்றையே விதியாக எழுதிக்கொண்டோமே, அதில்தான் தவறு.

பாலை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மலிவிலும் ஆற்றலிலும் அதை வெல்வது கடினம். பாலின் முதன்மைப் புரதமான கேசின் சிறிய மூலக்கூறு. 20 முதல் 25 கிலோடால்டன் எடை. மடிப்பு குலைந்த, நெகிழ்வான உடம்பு அதற்கு. 66 கிலோடால்டன் எடையுள்ள ஆல்புமின் நுழையத் தயங்கும் சந்துகளிலும் அது பரவிக்கொள்ளும். அதனால் அடைக்கும் திறனில் கேசின் ஆல்புமினை முந்துகிறது என்று பல ஒப்பீடுகளில் தெரியவருகிறது. ஆனால் பால்பொடி என்பது வெறும் கேசின் அல்ல, ஒரு கூட்டுக் குடும்பம். அதில் பயோட்டின் இருக்கிறது. ஸ்ட்ரெப்டாவிடின் அல்லது அவிடின் பூட்டிய கான்ஜுகேட்டைப் பயன்படுத்தினால் அது பயோட்டினைப் பிடித்துக்கொண்டு உண்மையான இலக்கைக் கைவிடும். கேசினே பாஸ்பேட் தாங்கிய புரதம். பாஸ்பேட் ஏறிய புரதங்களைத் தேடும் எதிர்ப்பொருள்களை அது திசைதிருப்பும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பாலைப் பதப்படுத்தியதை உறுதிசெய்ய ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் நொதி செத்துவிட்டதா என்று பால்பண்ணைகளில் பார்ப்பார்கள். அந்த நொதி செத்தாலும் லாக்டோபெராக்சிடேஸ் அதே சூட்டில் பெரும்பகுதி பிழைத்துக்கொள்ளும். எலிசாவில் பெரும்பாலும் நிறம் கொடுப்பது குதிரைமுள்ளங்கிப் பெராக்சிடேஸ். குறைந்த சூட்டில் செய்த பால்பொடியை அடைப்பாக்கினால் நிறம் காட்டும் நொதிக்கு ஓர் உடன்பிறப்பைக் கொண்டுவந்து குழியில் உட்காரவைத்தது போலாகும். கடைசியாகப் பாலில் மாட்டின் எதிர்ப்பொருள்களும் உண்டு: ஒரு மில்லிலிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவில் ஐஜிஜி. பொடியாக்கும் சூட்டில் ஒரு பகுதி சிதையும், எல்லாம் சிதைவதில்லை.

அன்னவாசல் போன்ற ஊரில் கேள்வி கூர்மையாவது இங்கேதான். புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர், விராலிமலை நோக்கிப் போகும் சாலையில் இருக்கிறது ஊர். வானம் பார்த்த நிலமும் கண்மாயும் ஆடும் மாடும் கொண்ட பகுதி. ஜல்லிக்கட்டுக் காளைகளுக்குப் பேர்போன மாவட்டம். மணப்பாறை மாட்டுச் சந்தையும் தொலைவில்லை. இங்கே எலிசா தட்டுக்கு வரும் சீரம் மனிதருடையது மட்டுமல்ல. கன்று வீச்சு நோய் என்று நம் விவசாயிகள் அறிந்த புரூசெல்லோசிஸ், கோமாரி, ஆட்டுக்கொல்லி ஆகியவற்றுக்குக் கால்நடைகளின் ரத்தமும் சோதனைக்குப் போகிறது. 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் கோமாரிக்கும் புரூசெல்லோசிஸுக்கும் தடுப்பூசி போடுவதால் எதிர்ப்பொருளை அளக்கும் தேவை கூடத்தான் செய்யும். மாட்டுச் சீரத்தில் புரூசெல்லா எதிர்ப்பொருளைத் தேடும் மறைமுக எலிசாவில் கான்ஜுகேட் என்பது மாட்டு ஐஜிஜியைப் பிடிக்கும் எதிர்ப்பொருள். குழியின் சுவரைப் பால்பொடியால் அடைத்திருந்தால் அங்கே படிந்திருப்பதும் மாட்டு ஐஜிஜிதான். கான்ஜுகேட்டுக்கு நோயுற்ற பசுவின் எதிர்ப்பொருளும் தெரியாது, பால் கொடுத்த பசுவின் எதிர்ப்பொருளும் தெரியாது. அதற்குத் தெரிந்தது மாடு என்ற ஒன்றுதான். சீரமே சேர்க்காத குழிகூட நிறம் காட்டும். பாலைச் சுவரில் மட்டுமின்றி நீர்க்கும் கரைசலிலும் கலந்திருந்தால் விளைவு தலைகீழாகிறது: கான்ஜுகேட் கரைசலில் மிதக்கும் ஐஜிஜியைப் பிடித்துத் தீர்ந்துபோய், மெலிந்த நோய்ச் சீரத்தைத் தவறவிடும். ஆக ஒரே பொருள் பொய் நோயையும் காட்டலாம், உண்மை நோயையும் மறைக்கலாம்.

அடைப்பை ஆட்டுச் சீரத்துக்கு மாற்றிவிட்டால் தப்பலாமா என்றால் அதுவும் இல்லை. மாடு, செம்மறி, வெள்ளாடு மூன்றும் நெருங்கிய பங்காளிகள். ஒன்றின் ஐஜிஜிக்கு எதிராக உருவாக்கிய கான்ஜுகேட் மற்ற இரண்டையும் பெரும்பாலும் கண்டுகொள்ளும். மாட்டு ஆல்புமினும் முழுப் பாதுகாப்பு அல்ல. மலிவான தயாரிப்புகளில் ஐஜிஜி ஒட்டிக்கொண்டு வரும். 'புரோட்டீன் ஜி' பூட்டிய கான்ஜுகேட்டைக் கையாளும் சோதனைகளில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அது பெரும்பாலான பாலூட்டிகளின் ஐஜிஜியைப் பாகுபாடின்றிப் பிடிக்கும். இந்தக் கூட்டத்தில் உண்மையான அந்நியன் யார்? மீன். குளிர்ந்த கடல்நீரில் வாழும் மீன்களின் தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் குளிர்பதனப் பெட்டியிலும் உறையாமல் நீர்மமாக இருக்கும். பன்றி ஜெலட்டினைப் போல் கட்டிதட்டாது. பாலூட்டிகளின் ஐஜிஜி அதில் இருக்க வழியே இல்லை. அடைக்கும் வலிமை கேசினைவிடக் கொஞ்சம் குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முட்டை ஆல்புமின், பாலிவினைல் ஆல்கஹால், பாலிவினைல்பிரோலிடோன் ஆகியவையும் இந்த வரிசையில் உண்டு. முட்டை வெள்ளையை அப்படியே கலக்கிவிடாமல் இருந்தால் சரி; அதில் அவிடின் இருக்கிறது.

மாட்டுச் சீரத்தைப் பால்பொடியில் அடைத்த தட்டிலேயே சோதித்து நல்ல முடிவு பெற்ற ஆய்வுகள் ஏராளம், அவையெல்லாம் பொய்யா என்று ஒருவர் கேட்கலாம். பொய்யல்ல. சுவரை மூடுவதில் கேசினின் பங்கே மிகப் பெரிது, ஐஜிஜி சிறுபான்மை. கான்ஜுகேட் ஒற்றை இலக்குள்ள எலி எதிர்ப்பொருளாக இருந்து, கவனமாக நீர்த்திருந்தால் பின்னணி நிறம் அடங்கியே இருக்கும். அத்துடன் நோயற்ற மந்தைகளின் சராசரியை வைத்து நோய் உண்டு, இல்லை என்று பிரிக்கும் வெட்டுப்புள்ளியைத் தீர்மானிப்பதால் சீரான பின்னணி அதில் கரைந்துவிடுகிறது. ஆனால் கரைந்துபோகும்போது ஒரு விலையும் கொடுக்கிறோம்: தரை உயர்ந்தால் கூரைக்கும் தரைக்கும் இடையே உள்ள உயரம் குறையும். உச்சத்தில் நிறம் காட்டும் பசுவுக்கு அதனால் நட்டமில்லை. நோய் தொற்றிய தொடக்க நாட்களில் மெலிதாக நிறம் காட்டும் பசுதான் வெட்டுப்புள்ளிக்குக் கீழே மூழ்கும். மந்தைக்குள் நோயைப் பரப்பக்கூடியதும் அதுவே. போதாக்குறைக்குப் பால்பொடியின் தன்மை மூட்டைக்கு மூட்டை மாறும். இந்த மாதம் சீராக இருந்த பின்னணி அடுத்த மாதமும் அப்படியே இருக்கும் என்று எழுதித் தர யாரும் இல்லை. கனடாவில் க்ளாஸ் நீல்சன் குழு வளர்த்தெடுத்த புரூசெல்லா எலிசா, தனியான புரத அடைப்பே வைக்காமல், டுவீனோடு ஈடிடிஏ, ஈஜிடிஏ ஆகிய உலோக அயனிப் பிடிப்பான்களைக் கலந்து சீரத்தை நீர்த்து இலக்கற்ற பிணைப்பை அடக்கியது. புரத உறவே வேண்டாம் என்று விலகிய தீர்வு அது. இன்னொரு தப்பிக்கும் வழி போட்டி எலிசா: ஆட்டுக்கொல்லி நோய்க்கு முக்தேஸ்வரில் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது அவ்வகை. அதில் கான்ஜுகேட் தேடுவது எலியின் எதிர்ப்பொருளை. ஆட்டின் ஐஜிஜி வெறும் பார்வையாளர்.

மனிதச் சீரத்துக்கு வந்தால் உறவுகள் வேறு மாதிரி அமைகின்றன. மனித ஐஜிஜியைத் தேடும் நல்ல கான்ஜுகேட்டுக்குப் பசுவின் ஐஜிஜி அவ்வளவாகத் தெரியாது. எனவே பால்பொடி அங்கே நியாயமான தேர்வு. ஆனால் நாம் பால் குடிப்பவர்கள். மாட்டு ஆல்புமினுக்கும் பாலின் பிற புரதங்களுக்கும் எதிரான எதிர்ப்பொருள்கள் ஆரோக்கியமான மனிதர்களின் ரத்தத்தில் சாதாரணமாகவே காணப்படுகின்றன. அத்தகையவர் சீரம் அடைப்பையே ஆன்டிஜெனாக எடுத்துக்கொள்ளும். மாட்டுச் சீரத்தில் எல்லாக் குழியிலும் பின்னணி உயரும். மனிதச் சீரத்தில் ஆளுக்கு ஆள் மாறும். இது கூடுதல் தலைவலி, ஏனென்றால் எந்த வெட்டுப்புள்ளியும் ஒரு தனி மனிதரின் பால் விரோதத்தைக் கணக்கில் எடுக்காது. டெங்குவில் இன்னொரு கோணம். புனே தேசிய வைராலஜி நிறுவனத்தின் ஐஜிஎம் எலிசாவில் பயோட்டின் பூட்டிய எலி எதிர்ப்பொருளும் அவிடின் பூட்டிய பெராக்சிடேஸும் அடுத்தடுத்து வருகின்றன. அந்த அமைப்பில் யாராவது சிக்கனமாகப் பால்பொடி கலந்த கரைசலை மாற்றி ஊற்றினால், அதிலுள்ள பயோட்டின் அவிடினைத் தின்றுவிடும்.

இதுவரை சொன்னது சுவரைப் பற்றி. சீரத்தை நீர்க்கும் கரைசலில் சேர்க்கும் அடைப்புக்கு விதி அப்படியே திரும்பிக்கொள்கிறது, இதைத்தான் பாடநூல்கள் தெளிவாகப் பிரித்துச் சொல்வதில்லை. சிலருடைய ரத்தத்தில் எலி, ஆடு, முயல் போன்ற விலங்குகளின் எதிர்ப்பொருள்களைப் பிடிக்கும் ஹெட்டரோபிலிக் எதிர்ப்பொருள்கள் இருக்கும். முடக்குவாதக் காரணியும் இதே வேலையைச் செய்யும். சுவரில் ஓர் எலி எதிர்ப்பொருளும் கான்ஜுகேட்டில் இன்னொன்றுமாக இருக்கும் சாண்ட்விச் சோதனையில் இவை இரண்டையும் பாலம் போல் இணைத்து, அளக்க வந்த பொருள் இல்லாமலேயே நிறம் வரவைக்கும். 2000இல் சீக்ஃபிரீட் ராட்மென்ஷும் லாரன்ஸ் கோலும் லான்செட் இதழில் வெளியிட்ட கட்டுரை 12 பெண்களைப் பற்றியது. கர்ப்ப ஹார்மோனான எச்சிஜி ரத்தத்தில் இருப்பதாகச் சோதனை காட்டியதால் புற்றுநோய் என்று கருதி, தேவையில்லாத சிகிச்சை பெற்றவர்கள் அவர்கள். அந்த ஹார்மோன் அவர்களிடம் இல்லை. இருந்தது ஹெட்டரோபிலிக் எதிர்ப்பொருள். எதிர்ப்பொருள் மூலக்கூறு பெரிது, சிறுநீரகம் அதை வெளியே விடாது. அதனால் அதே பெண்ணின் சிறுநீரில் சோதனை எதிர்மறையாகிறது என்பதே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்த தடயம். இங்கே மீன் ஜெலட்டினால் பயனில்லை. கரைசலில் எலி ஐஜிஜியைத் தாராளமாகச் சேர்க்க வேண்டும். பாலம் கட்ட வந்தது அதையே பிடித்துக்கொண்டு ஓய்ந்துவிடும். ஈ. கோலி நுண்ணுயிரில் தயாரித்த ஆன்டிஜென்னுக்கும் இதே தர்க்கம்தான். ஈ. கோலியின் எச்சப் புரதம் அதில் சிறிதாவது ஒட்டியிருக்கும். அந்த நுண்ணுயிர் ஏறக்குறைய எல்லா மனிதர் குடலிலும் வாழ்கிறது. ஆன்டிஜென் இல்லாத ஈ. கோலிச் சாற்றைச் சீரத்தோடு முதலில் கலந்துவிட்டால் அந்த எதிர்ப்பொருள்கள் வழியிலேயே தீர்ந்துபோகும். சுவரில் யாருக்கும் உறவில்லாதவன் வேண்டும். கரைசலில் தொந்தரவு தருபவனுக்கு நெருங்கிய உறவினன் வேண்டும்.

பொய் நேர்மறைக்கெல்லாம் அடைப்பையே குற்றம் சொல்லவும் கூடாது. 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் திரட்டிய சீரங்களை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் எலிசா செய்தபோது 6 மாதிரிகள் நிறம் காட்டின. மீண்டும் ரத்தம் எடுத்து, பிறகு அமெரிக்காவுக்கு அனுப்பி வெஸ்டர்ன் பிளாட் முறையில் உறுதிசெய்த பின்னரே இந்தியாவில் எச்ஐவி நுழைந்துவிட்டது என்பது நிலைபெற்றது. அந்தத் தயக்கம் வீணானதல்ல. அக்காலத் தட்டுகளில் வைரஸ் வளர்த்த மனித ரத்த அணுக்களின் எச்எல்ஏ புரதங்களும் சேர்ந்தே படிந்திருந்தன. பலமுறை பிள்ளை பெற்ற பெண்களுக்கும் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள் இயல்பாகவே உண்டு. அந்தப் பிணைப்பு துல்லியமானது, ஆனால் தவறான இலக்கின் மேல். வெற்றிடத்தை அடைப்பதால் அது தீராது. காசநோய்க்கு ரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடிய சோதனைகளை இந்திய அரசு 2012 ஜூனில் தடைசெய்ததையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். 1968இல் தொடங்கிய செங்கல்பட்டு பிசிஜி காசநோய்த் தடுப்பூசி ஆய்வின்போதே, அந்தப் பகுதி மக்கள் காசநோய்க் கிருமியின் உறவினரான சுற்றுச்சூழல் மைக்கோபாக்டீரியாக்களோடு எவ்வளவு பழகியவர்கள் என்பது வெளிப்பட்டது. பழகிய உடலில் பழகிய எதிர்ப்பொருள் இருக்கும். புரூசெல்லோசிஸுக்கு எதிராகப் பசுக்கன்றுக்குப் போடும் எஸ்19 தடுப்பூசியால் வரும் எதிர்ப்பொருளும் அப்படியே. எந்த மீனும் அதை மறைக்காது. எனவே அடைப்பை மாற்றிப் பார்க்கும் முன், நிறம் சுவரிலிருந்து வருகிறதா ஆன்டிஜென்னிலிருந்து வருகிறதா என்று பிரித்தறிய வேண்டும்.

பிரித்தறியச் செலவு அதிகமில்லை. ஒவ்வொரு சீரத்துக்கும் ஆன்டிஜென் இல்லாத, அடைப்பு மட்டும் இட்ட ஒரு குழி ஒதுக்கினால் போதும். அங்கே நிறம் வந்தால் குற்றம் அடைப்பின் மேல் அல்லது வெறும் சுவரின் மேல். அங்கே வராமல் ஆன்டிஜென் குழியில் மட்டும் வந்தால் அடைப்பைக் குறை சொல்ல முடியாது. தட்டில் பாதி வீணாகிறதே என்பார்கள். அன்றாடச் சோதனையில் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அடைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதும், புதிய பொட்டலம் பிரிக்கும்போதும், வெட்டுப்புள்ளியை ஒட்டி நிற்கும் சீரத்துக்கும் செய்யலாம். தேர்வுசெய்யும்போது இன்னொரு பழக்கத்தையும் கைவிட வேண்டும்: சீரமில்லாத குழியில் மிகக் குறைந்த நிறம் காட்டும் அடைப்பே சிறந்தது என்ற நம்பிக்கை. அளவுக்கு மீறி அடைத்தால் ஆன்டிஜென்னும் மறைந்துவிடும், டுவீன் கூடினால் பலவீனமாகப் படிந்த ஆன்டிஜென் கழன்றும் போகும். அப்போது பின்னணி அருமையாக இருக்கும், சோதனைதான் இருக்காது. மெலிந்த நேர்மறைச் சீரத்தின் நிறத்தை எதிர்மறைச் சீரத்தின் நிறத்தால் வகுத்துக் கிடைக்கும் விகிதமே பார்க்க வேண்டியது. அந்த எதிர்மறைச் சீரமும் சோதிக்கப்போகும் வட்டாரத்தின் மனிதர்களிடமிருந்தும் மாடுகளிடமிருந்தும் வந்ததாக இருக்க வேண்டும். வெளியூரில் அடைத்து மூடி அனுப்பிய கிட்டுக்கும் இது பொருந்தும். தட்டை மாற்ற முடியாவிட்டாலும் அன்னவாசலின் சீரங்களை வைத்து வெட்டுப்புள்ளியைச் சரிபார்க்க எவரும் தடை சொல்வதில்லை. மீன் ஜெலட்டின் விலை பால்பொடியைவிடப் பல மடங்கு என்பது மெய்தான். ஆனால் மாட்டுச் சீரத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, மனிதச் சீரத்துக்குப் பால்பொடியைத் தொடர்வதில் யாதொரு முரணும் இல்லை; இரண்டு பாட்டில்களிலும் எந்த உயிரின் சீரத்துக்கு என்று எழுதி ஒட்டிவைக்க வேண்டும், அவ்வளவே.